பிரம்மஹத்தியும் புளியமரத்துப் பேயும்

திண்டிவனம் என்ற பெயருக்குப் புளியங்காடு என்று பொருள். ‘திந்திரிணி’ என்றால் வடமொழியில் புளி. ஊரின் சிவன் கோயிலில் இருப்பவருக்கும் திந்திரிணீஸ்வரர் என்றுதான் பெயர். புளியமரத்துச் சிவனைக் கும்பிட ஊரே போகிறது. அதே புளியமரம் ஏரிக்கரையிலோ சுடுகாட்டுப் பாதையிலோ நின்றால் அதில் பேய் குடியிருக்கிறது என்கிறார்கள். மரம் ஒன்றுதான், நிற்கிற இடம்தான் வேறு.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் கிராமங்களில் வேலை செய்யும் எங்களுக்குப் பேய்க்கதை சொல்லாத ஊர் கிடையாது. கதைகள் வேறுபடும். ஆனால் பேய் இருக்கும் இடத்தைக் கேட்டால் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் வரும்: ஏரிக்கரை, பாழுங்கிணறு, சுடுகாடு, சேரிக்குப் பிரியும் பாதை. அக்கிரகாரத்தின் நடுவிலோ ஊர்த்தெருவின் மாடி வீட்டிலோ புளியமரத்துப் பேய் குடியிருப்பதாக யாரும் சொல்வதில்லை. ஊர் எதையெல்லாம் வெளியே தள்ளியதோ, அங்கேதான் பேய்க்கும் முகவரி தந்திருக்கிறது.

‘பேய் என்பது மூடநம்பிக்கை, அதைப் பற்றி என்ன பேச்சு?’ என்று பகுத்தறிவு பேசும் இளம் தோழர்கள் கேட்பது நியாயம்தான். பேய் இல்லை. ஆனால் பேயைப் பற்றிய கதை இருக்கிறது. அந்தக் கதைக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் சாதி இருக்கிறது. நாம் இங்கே பேசப்போவது அதைத்தான்.

கொன்றவனைத் துரத்தும் பேய்

நம் புராணங்களில் மிகவும் அஞ்சப்படும் பேய் எது? இரத்தக்காட்டேரியும் அல்ல, கொள்ளிவாய்ப் பிசாசும் அல்ல. பிரம்மஹத்தி. பிராமணனைக் கொன்றவனைப் பிடிப்பது அது. அரசனானாலும் கடவுளானாலும் விடாது.

பிரம்மாவின் ஐந்தாவது தலையைக் கிள்ளிய சிவனையே அது விடவில்லை. கபாலம் கையில் ஒட்டிக்கொண்டது, பிச்சையெடுத்து அலைந்தார் என்கிறது கதை. நம் மாவட்டத்து மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் தலபுராணம் இந்தக் கதையில்தான் நிற்கிறது. மாசி மாதத்து மயானக் கொள்ளையும் அந்தக் கபாலத்தைச் சிவன் கையிலிருந்து இறக்கிய கதையோடு சேர்ந்ததே. இராவணனைக் கொன்ற இராமனுக்கும் இந்தத் தோஷம் வந்தது, இராவணன் புலத்திய முனிவரின் வழிவந்த பிராமணன் என்பதால். அதைத் தீர்க்கத்தான் இராமேசுவரத்தில் லிங்கம் வைத்தான் என்கிறது அந்த ஊர்த் தலபுராணம். திருவிடைமருதூரில் இன்றும் ஒரு வழக்கம் உண்டு: ஒரு வாசலில் நுழைந்தவர்கள் வேறு வாசலில் வெளியேற வேண்டும். தன் குதிரையின் காலில் பிராமணன் ஒருவன் மிதிபட்டுச் சாக, வரகுண பாண்டியனைத் தொடர்ந்துவந்த பிரம்மஹத்தி கிழக்கு வாசலில் காத்துக்கொண்டிருக்கிறதாம்.

இத்தனை கதைகளும் சொல்வது ஒன்றைத்தான். பிராமணன் செத்தால், தெரியாமல் செத்தாலும்கூட, பழி கொன்றவனைத் தேடிப் போகும்.

இப்போது மறுபக்கம். அதே இராமன் உத்தரகாண்டத்தில் சம்பூகனைக் கொல்கிறான். சம்பூகன் செய்த குற்றம் சூத்திரனாக இருந்து தவம் செய்தது. அவனைக் கொன்றதற்கு எந்தத் தோஷமும் வரவில்லை, எந்தப் பேயும் இராமனைத் துரத்தவில்லை. மாறாக, செத்துப்போன பிராமணச் சிறுவன் உயிர்பெற்று எழுந்தான் என்று கதை முடிகிறது. மனுவின் 11-ஆம் அத்தியாயம் இதற்குக் கணக்கே எழுதி வைத்திருக்கிறது. பூனை, கீரி, தவளை, நாய், உடும்பு, ஆந்தை, காகம் இவற்றைக் கொன்றவன் சூத்திரனைக் கொன்றதற்குரிய பரிகாரத்தைச் செய்ய வேண்டும் என்கிறது அது. சூத்திரனுக்கே இந்த நிலை என்றால், வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு?

தமிழில் பிரம்மஹத்தி என்ற சொல் இருக்கிறது. பறையரையோ பள்ளரையோ சக்கிலியரையோ கொன்ற பழிக்கு ஒரு சொல் இருக்கிறதா? தேடிப் பாருங்கள். அந்தப் பாவத்துக்கு மொழியில் பெயரே வைக்கப்படவில்லை.

வழிப்போக்கரைப் பிடிக்கும் பேய்

ஆனால் கொல்லப்பட்டவர்கள் இருந்தார்கள். தூக்கில் தொங்கவிடப்பட்டவர்கள், கிணற்றில் கிடந்தவர்கள், பண்ணையில் அடிபட்டுச் செத்தவர்கள். இந்த மரணங்களைத்தான் ஊர் ‘துர்மரணம்’, ‘அகால மரணம்’ என்கிறது. காலம் வராமல் செத்தவர்கள் மிச்சமிருக்கும் ஆயுள் தீரும்வரை பேயாக அலைவார்கள் என்பது பொது நம்பிக்கை.

இங்கே கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. பிரம்மஹத்தி கொன்றவனைப் பிடிக்கிறது. புளியமரத்துப் பேய் அந்த வழியாகப் போகிற பெண்ணைப் பிடிக்கிறது. கொன்றவன் வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறான். செத்தவனுக்குப் பழி, சம்பந்தமில்லாத பெண்ணுக்கு வேப்பிலை அடி. பேய்களிலும் இரண்டு சட்டம் இருக்கிறது. அதை நாம் ‘பேய்களின் மனுநீதி’ என்று சொல்லலாம்.

பேய்களுக்குள்ளேயே பிரிவினை உண்டு என்பது பழைய செய்திதான். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில், போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் காய்ச்சுகின்றன. அந்தப் பந்தியில் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்று தனித்தனியே வருகிறார்கள். ஒவ்வொன்றின் வழக்கத்தையும் கேலி செய்துதான் கூழ் வார்க்கப்படுகிறது. மணிமேகலை காட்டும் புகார் நகரத்துச் சுடுகாட்டிலும் நான்கு வருணத்தாருக்கும் வேறுவேறாக நினைவுக் கட்டடங்கள் இருந்தன. சுடுகாட்டைச் சாதிவாரியாகப் பிரிப்பது நேற்று வந்த பழக்கம் அல்ல.

கொன்றவனையே பிடித்த பேய் ஒன்றும் தமிழில் உண்டு. பழையனூர் நீலி. கணவனால் கொல்லப்பட்டவள், அவனைத் தொடர்ந்து வந்து, ஊர்ச்சபையின் முன் நிறுத்தி, பழிதீர்த்தாள். ஆனால் அவள் எப்படி நினைவுகூரப்படுகிறாள்? அவனைக் காப்பதாகச் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கிய எழுபது வேளாளர்கள் வாய்மையின் அடையாளம் ஆனார்கள். கொலையுண்ட பெண் சபையில் அழுத அழுகை ‘நீலிக்கண்ணீர்’ என்று ஆனது. இன்றைக்கும் பொய்யழுகைக்கு அதுதான் பெயர். ஒரு பெண் தன் கொலைக்கு நீதி கேட்டதை மொழி இப்படித்தான் பதிவு செய்தது. அதே நீலியைச் சமணர்கள் வேறுவிதமாக எடுத்துக்கொண்டார்கள். ‘நீலகேசி’ காப்பியத்தில் பழையனூர்ப் பேய் சமண முனிவரிடம் அறம் கற்று, ஊர் ஊராகப் போய் வாதம் செய்யும் அறிஞராக மாறுகிறது. திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் மேல்சித்தாமூர் சமண மடம் இன்றும் இருக்கிறது. பேயை விரட்டுவது தவிர வேறு வழியும் உண்டு, அதைப் பேசவிடலாம், அது கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்று யோசித்த மரபு நம் மண்ணிலேயே இருந்தது.

கொல்லப்பட்டவர் சாமியான கதை

ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் இறந்தவர்களைப் பேயாக மட்டும் விட்டுவிடவில்லை. படையல் போட்டார்கள், நடுகல் வைத்தார்கள், சாமியாக்கினார்கள். பறையர் வீட்டில் வளர்ந்து, பிராமணப் பெண் ஆரியமாலையைக் காதலித்ததற்காகக் கழுவேற்றப்பட்டவன் காத்தவராயன். சக்கிலியர் வீட்டில் வளர்ந்து, பொம்மியைக் காதலித்து, மதுரையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் மதுரை வீரன். இருவரும் கொலையுண்டவர்கள். இருவரும் இன்று தெய்வங்கள்.

ஆனால் இந்தக் கதைகளில் பின்னால் செய்யப்பட்ட வேலையையும் பாருங்கள். காத்தவராயன் உண்மையில் சிவன் மகன், சாபத்தால் வந்தவன் என்றார்கள். மதுரை வீரன் உண்மையில் அரசன் மகன், காட்டில் விடப்பட்ட குழந்தை என்றார்கள். கொலையை மறைக்க முடியவில்லை, அதனால் பிறப்பை மாற்றினார்கள். சேரிப் பிள்ளை ஒருவன் சேரிப் பிள்ளையாகவே சாமியாக முடியாது என்பதுதான் இதன் பொருள்.

வெள்ளைக்காரப் பாதிரிமார்கள் வந்தபோது இந்த வழிபாடு முழுவதற்கும் ‘பிசாசு வழிபாடு’ என்று பெயர் சூட்டினார்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1713-இல் எழுதிய தென்னிந்தியத் தெய்வங்களின் வரிசையிலேயே ஊர்த் தெய்வங்களும் பேய்களும் அடுத்தடுத்து வருகிறார்கள். கால்டுவெல் 1849-இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி எழுதிய நூலில் பேய் வழிபாடே அவர்கள் சமயம் என்றார். ஆனால் அவரே ஒரு செய்தியையும் பதிவு செய்திருக்கிறார்: 1809-இல் திருவிதாங்கூர் எல்லைச் சண்டையில் காயம்பட்டுச் செத்த கேப்டன் போல் என்ற ஆங்கிலேய அதிகாரியின் கல்லறைக்கு மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்தார்கள். அவருக்கு வேடிக்கையாகத் தெரிந்தது நமக்கு அப்படித் தெரிய வேண்டியதில்லை. எதிரி நாட்டுச் சிப்பாயே ஆனாலும், அநியாயமாகச் செத்தவனுக்கு ஒரு கடன் இருக்கிறது, அதைத் தீர்க்க வேண்டும் என்ற மக்களின் நீதியுணர்வு அது. மனுவின் கணக்கில் இல்லாத நீதியுணர்வு.

அசுரன் என்று சொல்வது போதுமா?

பேய், அரக்கர், அசுரர் என்று யாரைச் சொன்னார்கள் என்ற கேள்வியை முதலில் கூர்மையாக எழுப்பியவர்களில் ஒருவர் மகாத்மா புலே. 1873-இல் வந்த ‘குலாம்கிரி’யில் அவதாரக் கதைகளைப் படையெடுப்பின் கதையாக வாசித்தார். தோற்கடிக்கப்பட்ட மண்ணின் மக்களைத்தான் இராட்சசர் ஆக்கினார்கள் என்றார். அந்த நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். நாகர் என்பது பாம்புகள் அல்ல, ஒரு மக்கள் என்று காட்டினார் அண்ணல் அம்பேத்கர். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய பண்டிதர் அயோத்திதாசர், தீபாவளியை அசுரனைக் கொன்ற நாளாக ஏற்கவில்லை. எள்ளெண்ணெய் கண்டறியப்பட்டதைக் கொண்டாடிய பௌத்தத் திருநாள் என்று விளக்கினார். ஒருவன் சாவைக் கொண்டாட மறுத்த விளக்கம் அது.

உலகத்தின் மற்ற மூலைகளிலும் இதுதான் நடந்திருக்கிறது. இன்று சினிமாவில் பார்க்கும் ‘ஜோம்பி’ ஹைட்டி நாட்டிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் கசக்கிப் பிழியப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள், செத்த பிறகும் எழுப்பப்பட்டு இன்னொருவனுக்கு வேலை செய்யும் உடலைக் கண்டு அஞ்சினார்கள். இரத்தம் குடிக்கும் பேய்கூட அவர்களுக்கு அவ்வளவு பயமாக இல்லை. செத்தும் விடுதலை இல்லை என்பதுதான் பயம். பரம்பரையாகப் பண்ணையில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அந்தப் பயம் புரியாமல் போகாது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்களோ திருப்பி அடித்தார்கள். அவர்கள் கதையில் வரும் ‘பிஷ்டாகோ’ இந்தியர்களைக் கொன்று உடம்பின் கொழுப்பை எடுத்துப்போகும் வெள்ளைக்காரன். ஆண்டவனைத்தான் அவர்கள் பேயாக்கினார்கள்.

2019-இல் ‘அசுரன்’ படம் வந்த பிறகு அந்தச் சொல்லை நம் பிள்ளைகள் பெருமையாகச் சட்டையில் போட்டுக்கொள்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு எச்சரிக்கை. புராணத்தின் அரக்கர் எல்லோரும் நம் பாட்டன்மார் அல்லர். இராவணனைக் கொன்றதற்குப் பிரம்மஹத்தி வந்தது, சம்பூகனைக் கொன்றதற்கு எதுவும் வரவில்லை. இந்த இரண்டு பேரில் நாம் யார் பக்கம் நிற்க வேண்டும்? பத்துத் தலை வீரனின் படத்தை மாட்டுவது எளிது. பெயரில்லாத பழியோடு செத்தவனை நினைவில் வைப்பதுதான் கடினம்.

மேல்மலையனூரில் பேசுவது யார்?

இப்போது அந்தப் பெண்ணிடம் வருவோம். அமாவாசை இரவுகளில் மேல்மலையனூருக்குப் போனவர்களுக்குத் தெரியும். தலைவிரி கோலமாக ஆடும் பெண்களைச் சுற்றி உறவினர்கள் நிற்பார்கள். இசபெல் நபொகோவ் என்ற மானுடவியலாளர் 1990-களின் தொடக்கத்தில் செஞ்சி வட்டாரத்தில் தங்கி இந்தச் சடங்குகளை ஆராய்ந்தார், 2000-இல் அது நூலாக வந்தது. பிடிக்கும் பேய் பெரும்பாலும் காதல் நிறைவேறாமல் தற்கொலை செய்துகொண்ட இளைஞன். பிடிபடுவது புதிதாகக் கல்யாணமான பெண். பம்பைக்காரர்கள் பேயைப் பேசவைத்து, அந்தப் பெண்ணின் உச்சிமயிரை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடிக்கிறார்கள். கணவன் வீட்டில் ஒட்டாத மனைவியை மறுபடி அந்த வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் இந்தச் சடங்கின் வேலை என்பது அவர் வாதம்.

இதோடு நாம் ஒரு கேள்வியைச் சேர்க்கிறோம். காதலுக்காகச் செத்த அந்த இளைஞன் தற்கொலைதான் செய்துகொண்டானா? 2015-இல் கோகுல்ராஜின் உடல் பள்ளிப்பாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தபோது அதையும் தற்கொலையாகக் காட்டத்தான் ஏற்பாடு செய்திருந்தார்கள். வழக்கை விடாமல் நடத்தியதால் 2022-இல் கொலையாளிகளுக்கு ஆயுள் தண்டனை வந்தது. வழக்கு நடக்காமல் போயிருந்தால்? அந்தத் தண்டவாளத்தின் ஓரத்தில் இன்னொரு பேய்க்கதை முளைத்திருக்கும். சாதி மாறிக் காதலித்தவனைக் கொல்வது ஊர், அவனைப் பேயாக்குவதும் ஊர், அவன் பெயரைச் சொல்லி அழுகிற பெண்ணின் மயிரை ஆணியடிப்பதும் ஊர்.

நம் சமூகத்துப் பெண்களும் அந்தக் கூட்டத்தில் நிற்கிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது. நம் வீடுகளிலும் கல்யாணம் பிடிக்காத பெண், அடிவாங்கும் பெண், பிள்ளை இறந்த துக்கத்தில் பேச்சிழந்த பெண், ‘பேய் பிடிச்சவ’ ஆகிறாள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. அப்படி ஒரு பெண்ணைப் பார்த்தால் முதலில் அவளோடு தனியாக உட்கார்ந்து பேசுங்கள். வன்முறை என்றால் 181, மனநல ஆலோசனைக்கு 14416. கோயிலுக்கு அழைத்துப்போகும் அம்மாவோடு சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். மருத்துவமனைக்கும் சேர்த்து அழைத்துப்போகச் சொல்லுங்கள்.

சட்டத்தில் அடுத்தடுத்த இரண்டு பிரிவுகள்

‘அவங்களுக்குப் பேய் பயமே கிடையாது’ என்று ஊர்த்தெருவில் நம்மைப் பற்றிச் சொல்வார்கள். பாராட்டு போலத் தோன்றும். நூற்றாண்டுகளாகக் குழி வெட்டவும் பிணம் எரிக்கவும் பறையடிக்கவும் ஒரு சாதியை நிறுத்திவிட்டு, அது அவர்கள் ரத்தத்தில் ஊறிய தைரியம் என்று சொல்வது பாராட்டு அல்ல. நம்மைப் பேயின் பக்கத்தில் குடியமர்த்தியதற்குச் சொல்லும் சமாதானம்.

2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவைப் படித்துப் பாருங்கள். அதில் ‘za’ என்ற உட்பிரிவு சுடுகாடு, இடுகாடு, ஏரி, கிணறு, பொதுவழி, கோயில் ஆகியவற்றைப் பயன்படுத்தவிடாமல் தலித்துகளையும் பழங்குடிகளையும் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. அடுத்த உட்பிரிவு ‘zb’. சூனியக்காரி என்றோ பில்லிசூனியம் வைத்தார் என்றோ குற்றம்சாட்டி அவர்களை உடலாலும் மனத்தாலும் துன்புறுத்துவது குற்றம் என்கிறது அது. சுடுகாட்டுப் பாதையும் சூனியப் பழியும் சட்டப் புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது தற்செயலாகக்கூட இருக்கலாம். நம் ஊர்களில் அப்படி இல்லை.

கோயிலும் அப்படித்தான். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைந்ததால் எழுந்த மோதலில், 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் திறந்தார்கள். 2025 ஏப்ரலில்தான் தலித்துகள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. அம்மனைப் பேயிடமிருந்து காப்பது போல நம்மிடமிருந்து காத்தார்கள்.

பழிக்குப் பெயர் வைப்போம்

1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அந்த வழக்கின் முதன்மைக் குற்றவாளியான மிராசுதாரை 1973-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்தப் பழிக்கும் பிரம்மஹத்தி போல ஒரு பெயர் வைக்கப்படவில்லை.

விருத்தாசலம் அருகே 2003-இல் விஷம் கொடுத்துக் கொன்று எரிக்கப்பட்ட கண்ணகி–முருகேசன் வழக்கில் 18 ஆண்டுகள் கழித்து, 2021-இல், கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. அதில் இரண்டு பேர் போலீஸ் அதிகாரிகள். அந்த 18 ஆண்டுகளும் கொலையாளிகளைத் துரத்தியது எந்தப் பேயும் அல்ல. வழக்கை விடாத குடும்பமும், வழக்கறிஞர்களும், சாட்சிகளும்தான்.

எனவே நம் வட்டார மாணவர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறோம். உங்கள் ஊர்ப் பேய்க்கதைகளைச் சேகரியுங்கள். சிரிக்காமல் கேளுங்கள், பாட்டிகளிடம் கேளுங்கள். ஒவ்வொரு கதைக்கும் நான்கு கேள்விகள் போடுங்கள். செத்தவர் பெயர் என்ன? எந்தத் தெரு? எப்படிச் செத்தார் என்று ஊர்த்தெரு சொல்கிறது, எப்படி என்று சேரி சொல்கிறது? காவல் நிலையத்தில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா? சில கதைகளில் வெறும் இருட்டும் காற்றும்தான் இருக்கும். சிலவற்றில் ஒரு கொலை இருக்கும். அதைத் தேதியோடும் பெயரோடும் எழுதி வையுங்கள்.

புளியமரத்தில் அடித்த ஆணிகளை எண்ணுவது வரலாற்று வேலைதான். அந்த ஆணிகளுக்குக் கீழே புதைந்த பெயர்களை எழுத ஆரம்பித்தால், வழியில் போகிற பெண்ணைப் பேய் பிடிக்க வேண்டிய அவசியம் இருக்காது. பிடிக்க வேண்டியவரைச் சட்டம் பிடிக்கட்டும்.